எத்தனை நிமிடம், அம்மா?

எங்கள் மூத்த மகனுக்கு 8 வயதாயிருக்கையில், 2008ஆம் ஆண்டில், அவனுக்கு ‘ஆஸ்பெர்கர்’ என்னும் நிலை இருப்பதாக மருத்துவர் கூறினார். வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதினார். இங்கிலாந்தின் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் அவர் பெயரால் இந்நிலையைக் குறிப்பிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் அப்பெயரை நீக்கி, ஆட்டிசம் என்னும் பரந்த பிரிவுக்குள் இதனையும் சேர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வழங்குகிறது.

அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். ஐந்து வயதிலேயே செய்தித்தாளைத் தடையின்றி வாசித்தான். ஆனால், சொல்லுக்கு நேர்ப்பொருள் ஒன்றைத்தான் அவன் அறிவான். “கொஞ்சம் பொறு, கண்ணா” என்றால், “எத்தனை நிமிடம், அம்மா?” என்பான். ஐந்து என்று சொல்லி ஆறாகிவிட்டால் அழுகைதான். “யார் பேசியது?” என்று ஆசிரியை கேட்டால், பேசியோர் அனைவரையும், தன்னையும் சேர்த்தே, வரிசையாகச் சொல்லிவிடுவான். இவனோடு யார் நட்புக் கொள்வர்? பங்குத் திருவிழாவில் வெடி முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுவான். “பிள்ளை வளர்த்த அழகைப் பார்” என்று பின்னால் முணுமுணுப்பார்கள். வளர்ப்புக் குறையால் இது வருவதில்லை என்பதை மருத்துவ உலகம் தெளிந்து பல்லாண்டுகளாயின. கேட்பார்தாம் இல்லை.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் புதிய வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுப்பேன். வேண்டியதை நேரடியாகச் சொல்லுங்கள், குத்தலாகப் பேசாதீர்கள், பாடவேளை மாறினால் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவ்வளவே. சிலர் அதைப் பத்திரப்படுத்தினர். ஒருவர், “எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்” என்று திருப்பித் தந்தார். கேட்க நீதியாகத்தான் இருந்தது. செவி மந்தமான பிள்ளையிடமும் அவர் அதே குரலில்தான் பேசுவாரோ? மத்தியப் பாடத்திட்டத் தேர்வில் 3 மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது பேருதவியாயிற்று.

அவனது 14ஆம் வயதில் அந்நிலையின் பெயரை அவனிடமே சொன்னோம். “மனம் உடைந்துவிடுவான்” என்று உறவினர் தடுத்தனர். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியானால் நான் கெட்ட பையன் இல்லையா?” என்றான். எத்தனை ஆண்டுகள் அக்கேள்வியை உள்ளே வைத்திருந்தானோ!

இத்தகையோருக்கு 18 வயதுக்குப் பின்னும் சட்டப்படிப் பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. “வாங்கி வைத்துவிடுங்கள், அக்கா” என்றான் என் தம்பி. அது தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. அப்பெற்றோரின் பாரம் எங்களுடையதிலும் பெரிது. ஆயினும் வங்கிப் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையொப்பமிடுகிறவனுக்காக வேறொருவர் கையொப்பமிடுவானேன்? நானும் என் கணவரும் பல இரவுகள் வாதிட்டோம், இறுதியில் விண்ணப்பிக்கவில்லை.

இன்று அவன் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குச் சரிபார்க்கிறான். மேலாளர் வேலைகளை எழுதியே கொடுக்கிறார். மதிய உணவைத் தனியே உண்கிறான்; அதுவே தனக்கு விருப்பம் என்கிறான், நம்புகிறேன். எங்களுக்குப் பின் அவனைத் தங்கையின் தலையில் கட்ட எங்களுக்கு மனமில்லை. ஆகவே வீட்டுப் பொறுப்புகளை ஒவ்வொன்றாக அவனிடம் ஒப்படைத்து வருகிறோம். மின்கட்டணத்தைக் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே கட்டிவிட்டான். அடுத்தது சமையல் எரிவாயு.