மீட்டர் பொய் சொல்லாது, ஆனால்...



இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-ஆம் ஆண்டு நம் கோவையில்தான் உருவானது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் பெயரை முதலாண்டிலேயே கேட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான். அப்படிப்பட்ட என்னை ஒரு கார்க் கதவுக்குள் கிடந்த கையகல மோட்டார் தலைகுனிய வைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாமாவுக்குச் சோமனூரில் விசைத்தறி. அவரிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இனம் அது. மாமா வண்டிக்குக் கம்பெனி சென்ட்ரல் லாக் கிடையாது. பிற்பாடு வெளியே ஒரு கடையில் மாட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிட்டார். "ஏங் கண்ணு, நீ ஆட்டோமொபைல்தான படிக்கிறே? வாரத்துக்கு ஒருக்கா கதவைச் சாத்துனா தானாப் பூட்டிக்குது. சித்தெ என்னன்னு பாரேன். கடைக்காரன் மொத்தக் கிட்டையும் மாத்தோணுங்கறான்."

மல்டிமீட்டரும் கையுமாகப் போய் இறங்கினேன். டிரைவர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டரி 12.6 வோல்ட். ஃபியூஸ் போகவில்லை. வயர் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் "பீப்" என்றது. கையால் பூட்டினால் நான்கு கதவும் பூட்டின, திறந்தால் திறந்தன. "ஒண்ணுமில்லீங் மாமா. சாத்தறப்ப உங்க கைதான் பட்டிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அத்தை போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் மாத மத்தியானம். தறிக்கு ஒரு ஷாஃப்ட் கடைசல் பிடிக்க மாமாவோடு கணபதிக்குப் போயிருந்தேன். மூன்று வயதுப் பாப்பா பின் சீட்டில் தூக்கம். ஏ.சி. போட்டு வந்ததால் கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மாமா வண்டியை நிறுத்தினார். நான் முன்னால் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மாமாவும் சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிச் சாத்தினார்.

"டக்!"

நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. பாப்பாவும் உள்ளே.

வெயிலில் மூடிக் கிடக்கும் கார், அரை மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பாப்பா விழித்து அழத் தொடங்கிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. மாமா சுத்தியலைத் தூக்கிவிட்டார். அதற்குள் பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஸ்டீல் ஸ்கேலோடு ஓடி வந்தார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே அதை விட்டுத் துழாவினார். பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். எனக்கு மூன்று மணி நேரத் தேர்வைவிட நீளமாக இருந்தது. கதவு திறந்தது.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சிங்காநல்லூரில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எப்பக் கண்ணு பூட்டுது?"

"கதவைச் சாத்தறப்பங்க."

"அப்பக் கதவைத் தொறந்து வெச்சுட்டு என்னத்தப் பாத்தே?"

எனக்குச் சுருக்கென்றது.

கொஞ்சம் பாடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கிட்டில் மற்ற கதவு மோட்டார்களுக்கு இரண்டிரண்டு வயர்தான். டிரைவர் கதவு மோட்டாருக்கு மட்டும் ஐந்து. இரண்டு, மோட்டாரைத் தள்ளவும் இழுக்கவும். மீதி மூன்று, உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுக்கு. அந்த மூன்றில் ஒன்று எர்த், ஒன்று "பூட்டு", ஒன்று "திற". "பூட்டு" வயர் எர்த்தைத் தொட்டால், கன்ட்ரோல் பாக்ஸ் ஒரு நொடிக்கும் குறைவாக 12 வோல்ட் கொடுத்து எல்லாக் கதவையும் பூட்டிவிடும். நம் வண்டிகளில் பாடி முழுவதுமே எர்த். ஆக, அந்த வயர் எங்கே தோலுரிந்து தகரத்தைத் தொட்டாலும், பாக்ஸுக்கு அது நாம் பூட்டியதாகத்தான் தெரியும். சிக்னல் வயர் என்பதால் ஃபியூஸும் போகாது.

பெரியவர் முதலில் பாக்ஸ் பக்கத்தில் டிரைவர் கதவு கனெக்டரைக் கழற்றிவிட்டார். "இப்பச் சாத்து" என்றார். இருபது தடவை சாத்தினேன். மற்ற மூன்று கதவும் அசையவில்லை. "பாக்ஸு நல்லாருக்குது. கோளாறு கதவுப் பக்கம்." பாதி வேலை அங்கேயே முடிந்தது. அடுத்து மோட்டார் பக்கக் கனெக்டரையும் கழற்றி, இரண்டு முனையும் சும்மா நிற்க, மீட்டரின் ஒரு முனையைப் பாடியிலும் மறுமுனையைப் "பூட்டு" வயரிலும் வைக்கச் சொன்னார். கதவை மெள்ள மெள்ளச் சாத்தினார். முக்கால்வாசி சாத்தியதும், "பீப்!"

கீலுக்குப் பக்கத்தில் கதவுத் தகரத்தில் ஓட்டை போட்டு வயரை நுழைத்திருந்தார்கள். ஓட்டைக்கு ரப்பர் கிராமெட் போடவில்லை. ஒவ்வொரு முறை சாத்தும்போதும் தகர விளிம்பு வயரை அறுத்து, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. திறந்திருக்கும்போது வயர் விலகி நிற்கும். சாத்தினால் தொடும்.

ஓட்டை விளிம்பை அரத்தால் ராவி, துருப் பிடிக்காமல் பெயின்ட் தொட்டு, கிராமெட் மாட்டினோம். அறுந்த இடத்தில் ஒட்டுப் போட அவர் விடவில்லை. "மடங்கற எடத்துல ஜாயின்ட் நிக்காது." நீளமாகப் புது வயர் இழுத்து, ஜாயின்ட்டை டேஷ்போர்டு பக்கம் வைத்து, சால்டர் செய்து ஸ்லீவ் போட்டோம். கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாதபடி கொஞ்சம் தளர விட்டோம். பிறகு ஐம்பது தடவை சாத்தினேன். ஒரு முறைகூடத் தானாகப் பூட்டவில்லை. சாமான் செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

அன்று என் மீட்டர் பொய் சொல்லவில்லை தோழர்களே. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்விதான் தப்பு. நாளைக்கு நாம் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும் "கோளாறு இல்லை" என்று கையெழுத்துப் போடப் போகிறவர்கள். போடும் முன், கோளாறு வரும் நிலையில் வைத்துப் பார்த்தோமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வோம். வரவழைத்துப் பார்க்க முடியாவிட்டால், "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால், மாமா சாவியைக் கையிலாவது எடுத்திருப்பார்.