மூணாம் நம்பர் குழி

ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் பூமி. மனையின் மேற்கு வேலியோரம் ஒரு வேம்பு, கிட்டத்தட்ட நடுவில் ஒரு பலா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. இந்தப் பலா ஒரு பக்கக் கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. முறிந்த இடத்தைப் பட்டை சுற்றிலுமிருந்து மூடி வருகிறது. நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மரம் இன்னும் தெரிகிறது.

ஜேசிபி பாதையிலேயே நிற்கிறது.

"உள்ள விட வேணாம்ண்ணே. குழியெல்லாம் கையாலதான்" என்கிறார் பிளான் போட்ட பெண். முப்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் எஞ்சினியரம்மா.

ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் கொத்தனாரைப் பார்க்கிறார். அரை மணி வேலைக்கு இத்தனை ஆள் கூலியா என்று கேட்கிறது அந்தப் பார்வை. கொத்தனார் வாய் திறக்காமல் கடப்பாரையை எடுத்து ஆளிடம் நீட்டுகிறார்.

வீட்டுக்காரரின் தாயார் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். பிளானை நேற்றே பார்த்துவிட்டார். தட்டையான கூரை, வெள்ளைச் சுவர், ஒரு கூடம், இரண்டு அறை, அடுப்படி. அவ்வளவுதான். "முகப்புல ஒரு பூவேலைகூட இல்லையே தாயி" என்கிறார்.

"அந்தக் காசுதான் ஆத்தா இந்தக் குழிக்குப் போவுது."

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மரத்தை வெட்டாமல் கட்டினோம் என்று படம் எடுத்து மாட்டிய வீடுகள் எத்தனையோ. மூன்றாம் வருஷம் உச்சிக்கிளை காயும். வயசாகிவிட்டது என்பார்கள். வயசு காரணமில்லை. வாணம் தோண்டும்போதே வேர் போய்விட்டது. மரம் அதை மெதுவாகச் சொல்கிறது. தண்ணீரும் சத்தும் இழுக்கும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், இரண்டடிக்குள்தான் பரவியிருக்கும். கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். அடிமரம் எத்தனை அங்குலக் குறுக்களவோ அத்தனை அடி தூரம் சுற்றிலும் மண்ணைத் தொடாதே என்பது மரம் பார்ப்பவர்களின் பொதுவான கணக்கு. நடு மனையில் மரம் நின்றால் அவ்வளவு விட முடியாது. அதனால் இங்கே நீள வாணம் கிடையாது. தனித்தனிக் குழி, குழிக்கொரு தூண், தூண்களை இணைக்கும் பீம் தரைக்கு மேலே. வேர் அடியில் போய்க்கொள்ளும். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் கட்டடக் கலைஞர் லினா போ பார்டி கட்டி, 1951-ல் முடித்த கண்ணாடி வீடும் ஒல்லித் தூண்களில் ஏறி நின்று, நடுவில் சதுரமாகத் திறந்து ஒரு மரத்துக்கு வழிவிட்டதுதான்.

பலாவைச் சுற்றி அகலமாகக் கயிறு கட்டியிருக்கிறது. அதற்குள் ஜல்லி கொட்டக்கூடாது, சிமெண்ட் மூட்டை அடுக்கக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது. மண் இறுகினால் வேருக்கு மூச்சில்லை.

மூணாம் நம்பர் குழியில் முழங்கால் ஆழத்தில் கடப்பாரை 'ணங்'கென்று நிற்கவில்லை, 'சதக்'கென்று இறங்குகிறது. ஆள் கையை எடுத்துவிடுகிறார். எஞ்சினியரம்மா குழிக்குள் இறங்கி, குத்துக்காலிட்டு, விரலால் மண்ணைத் தள்ளுகிறார். மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர். பட்டை கிழிந்த இடத்தில் பால் கசிந்து, மொட்டுமொட்டாகத் திரண்டு, செம்மண் தூசியில் உருள்கிறது. அவர் விரல் நுனிகள் ஒட்டிக்கொள்கின்றன.

"வெட்டிரவாம்மா?"

"வேணாம். குழியத் தள்ளுவோம். ரெண்டடி கிழக்க."

கொத்தனார் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் செங்கல்லில் கணக்குப் போடுகிறார். "தூண் நகந்தா பீம் நகரும். அடுப்படி சின்னதாயிரும்மா."

"ஆவட்டும்ப்பா. ரெண்டு பேருக்குச் சோறாக்க எம்புட்டு எடம் வேணும்?" செங்கல் அடுக்கிலிருந்து பதில் வருகிறது. பிறகு அவர் எழுந்து வந்து பிளானைக் கேட்கிறார். கூரையில் பலா ஏறிப்போக விட்ட சதுரத்தை விரலால் தொட்டு, "இது எத்தன அடி?" என்கிறார்.

"நாலு ஆத்தா. மரம் பெருக்கும், காத்துக்கு ஆடும், அதுக்கும் சேத்துத்தான்."

"காயி?"

எஞ்சினியரம்மா நிமிர்ந்து மரத்தைப் பார்க்கிறார். அடிமரத்திலேயே, கூரை வரப்போகும் உயரத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும், பழைய காம்புகளின் முடிச்சுகள் புடைத்திருக்கின்றன. பலா அங்கேதான் காய்க்கும். கிழவி இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். "ஒரு கொத்துல ரெண்டு தொங்குச்சுன்னா இம்புட்டு. சிமிண்டுல ஒரசுனா காயி நஞ்சுபோவும். அறுக்குறவன் ஏணி எங்க வப்பான்?"

பிளானில் நாலு அடிபட்டு ஏழாகிறது. கூடம் ஒரு பக்கம் குறைகிறது. வரைந்தவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அம்புக்குறி போட்டு, 'ஏணி' என்று தனியாக எழுதிக்கொள்கிறார்.

கொத்தனாருக்கு இப்போது வேறு யோசனை. மேற்கே வேம்பைக் காட்டி, "அப்ப அதுக்கு ஒட்டி செப்டிக் டேங்க் போட்டிருக்கே. ஆளுயரக் குழில்ல அது?"

மூன்று பேரும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கிழக்கு மூலைக்கு நடக்கிறார்கள். அங்கே மரமில்லை, குழாய் மட்டும் இன்னும் நீளம் வேண்டும். எஞ்சினியரம்மா பாதையைப் பார்த்துக் கையசைக்கிறார்.

"அண்ணே, இந்த மூலைக்கு வாங்க. வேலிக்கு வெளியால சுத்தி வாங்க."