சொந்தக் கையெழுத்து

தியானப் பகுதி: பிலேமோன் 17–19



கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும், விடுமுறை வேதாகமப் பள்ளியின் பதாகைகளிலும் துள்ளி விளையாடும் ஒருவகை எழுத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். தூரிகையால் ஒரே வீச்சில் எழுதியது போலத் தோன்றினாலும், அது கணினியில் உள்ள எழுத்துருவே. ஆங்கிலத்தில் இவ்வகைக்குப் புகழ்பெற்றது 'பிரஷ் ஸ்கிரிப்ட்'. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்திற்காக ராபர்ட் ஈ. ஸ்மித் 1942இல் அதை வடிவமைத்தார். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடுமாறு அமைந்ததால், தனித்தனி அச்சுகளைக் கோத்தாலும் ஒரே கையோட்டமாகத் தெரிந்தது. தமிழிலும், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கையெழுத்தின் சாய்வோடு நமக்குக் கிடைக்கிறது.

பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அழைக்கவும், பண்டிகையின் மகிழ்ச்சியை அறிவிக்கவும் இவ்வெழுத்துகள் ஏற்றவை. நீண்ட பத்திகளை இவற்றில் அச்சிட்டால் கண் களைத்துவிடும். இரங்கல் செய்தியில் இவற்றின் துள்ளல் மனதை உறுத்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அட்டையில் 'அ' பத்து முறை வந்தால், பெரும்பாலும் பத்தும் ஒன்று போலவே இருக்கும். மனிதனின் கை அப்படி எழுதுவதில்லை. அது களைக்கும், நடுங்கும், அவசரப்படும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குப்பங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில், வீடு சந்திப்பின்போது ஒரு தாயார் தம் வேதாகமத்திற்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். மறைந்த கணவர் எழுதிய மளிகைக் கடன் கணக்கு அது. எழுத்துப்பிழைகள் நிறைந்திருந்தன, வரிகள் கோணலாயிருந்தன. "கடனை அடைத்துவிட்டேன் ஐயா, தாளை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை" என்றார்.

அப்போஸ்தலனாகிய பவுல் தம் நிருபங்களைப் பிறர் கையால் எழுதுவித்ததுண்டு. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், அதை எழுதிய தெர்தியு தன் பெயராலேயே வாழ்த்துச் சொல்லுகிறான். ஆனால், ஒநேசிமு என்னும் அடிமைக்காகப் பிலேமோனிடம் மன்றாடும் இடத்தில், அவன் பட்ட கடனைத் தாமே செலுத்துவதாகப் பவுல் தம் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். சிறையிலிருந்தவர் அவர். அந்தக் கையெழுத்து அழகுக்காக இடப்பட்டதன்று. பிறனுடைய பாரத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டதற்கு அது அத்தாட்சி. நம்முடைய கடனைச் சிலுவையில் தம்மேல் ஏற்றுக்கொண்ட ஆண்டவரின் சாயலை அந்த ஒரு வரியில் காண்கிறேன்.

பிரியமானவர்களே, கைப்பேசியில் வந்த அழகிய வாழ்த்துப் படத்தை நூறு பேருக்கு அனுப்புவது எளிது. இந்த வாரம் ஒருவருக்காவது உங்கள் கையால் எழுதுங்கள். மருத்துவமனையில் இருப்பவருக்கு இரண்டு வரிகள் போதும். மனவருத்தத்தால் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறந்தாருக்கு ஒரு வரியும் போதும். எழுதியபின், அதில் வாக்களித்ததைச் செய்யவும் ஆயத்தமாயிருங்கள்.

ஜெபம்: எங்களை உமது உள்ளங்கைகளில் வரைந்திருக்கிற ஆண்டவரே, பிறர் பாரத்தைச் சுமக்க எங்கள் கைகளையும் பழக்குவியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.