பல்பின்மேல் பழி

ஆரம்பாக்கத்தை ஊராக அறிந்தவர் சிலர். வழியாக அறிந்தவரே பலர். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை தமிழகத்தை விட்டு ஆந்திர மண்ணில் புகும் எல்லை அது. தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று. 2010-இல் 16 என எண் மாற்றம் பெற்ற அச்சாலை, அதற்கு முன் ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கும் வரை, அவ்வெல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம். நிற்கும் லாரிகளை நம்பி வாழ்ந்தன பஞ்சர் கடைகளும் பட்டறைகளும். அத்தகைய பட்டறை ஒன்றில் 1996-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் நாம் கற்ற பாடத்தை இம்மலரில் பதிந்திட விழைகிறோம்.

அந்நாளில் நாம் தமிழிலக்கியம் பயிலும் மாணவர். நம் மாமாவிடம் பழைய லாரி ஒன்று இருந்தது. விடுமுறையில் அவருடன் குண்டூர் சென்று, மிளகாய் மூட்டைகளுடன் சென்னைக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். சில வாரங்களாகவே வண்டிக்கு ஒரு நோய். பின்விளக்கின் பியூஸ் அடிக்கடி போகும். பிரேக்கை மிதித்தால் ஒளிர வேண்டிய சிவப்பு விளக்கு, ஒளிர்வதற்கு மாறாக மங்கிப் போகும். முன்பு பார்த்த பட்டறையினர் பல்பை மாற்றினர்; சுவிட்சை மாற்றினர்; பணமும் பெற்றனர். பழுது மட்டும் மாறவில்லை.

அன்றிரவு நாயுடுபேட்டையில் மீண்டும் பியூஸ் போயிற்று. கையில் வேறு பியூஸ் இல்லை. ஓட்டுநர் தடித்த செம்புக்கம்பி ஒன்றை அவ்விடத்தில் முறுக்கி வைத்தார். விளக்கு எரிந்தது, நாமும் மகிழ்ந்தோம். வண்டியின் கிளீனர் பையன் மட்டும், “அண்ணே, பின்சக்கரத்துக்கிட்ட பள்ளத்துல இறங்கும்போதெல்லாம் பொறி பறக்குது” என்றான். “பல்பெல்லாம் மாத்தியாச்சு, நீ போய் ஏறு” என்று அவனை அடக்கியவர் வேறு யாருமல்லர், நாமேதான். அவன் பின்பக்கம் மூட்டைகளின்மேல் ஏறி அமர்ந்தான்.

தடா கடந்ததும் மழை வலுத்தது. முன்னால் வண்டிகள் நிற்கக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த பேருந்துக்கு எங்கள் வண்டி நிற்பது தெரியவில்லை. இறுதிக் கணத்தில் அது ஒடித்துத் திரும்பி, எங்கள் பின்கதவை உரசிச் சென்றது. மேலே இருந்த சிறுவன் தார்ப்பாய்க் கயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கினான். ஒரு முழ தூரம் தவறியிருப்பின் அவன் உயிர் நம் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஆரம்பாக்கம் வந்தபோது கேபினுள் ரப்பர் கருகும் நெடி. சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். எலக்ட்ரீஷியன் நடுவயதினர். முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்; செம்புக்கம்பியைப் பிடுங்கி எறிந்தார். “பாய், பியூஸ் போறது குத்தமில்லே. வயர் எரியாம இருக்க அது தன்னை எரிச்சுக்குது. அதுக்குப் போய்க் கம்பி கட்டினா, வயரே பியூஸ் ஆயிடும்” என்றார். பாடநூல் ‘உருகி’ என்று சொல்லும் அப்பொருளின் தத்துவத்தை அதனினும் தெளிவாக எவரும் நமக்குச் சொன்னதில்லை.

பிறகு கேட்டார்: “எப்போ வருது? மழையிலயா, மேடுபள்ளத்துலயா? பின்னாடி யாரு உக்கார்றது?” சிறுவனை அழைத்தார். அவன் சொன்னதை முழுவதும் கேட்டார். பின் மாமாவிடம், “ரெண்டு நோய், பாய். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லே” என்றார்.

பின்விளக்கு பல்புகளைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு சோதனை விளக்கைப் பொருத்தினார். பேட்டரியை இணைத்துச் சுவிட்சைப் போட்டார். பல்புகள் இல்லாததால் மின்சாரம் செல்ல வழியில்லை. சோதனை விளக்கும் எரியலாகாது. எரிந்தால், கம்பி எங்கோ வண்டியின் உடலைத் தொடுகிறது என்பது பொருள். சிறுவன் அடியில் படுத்து வயர்க்கட்டை முழம் முழமாக அசைத்து வந்தான். பின்சக்கரத்தருகே கை பட்டதும் விளக்குப் பளிச்சிட்டது. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. உரசி உரசி வயரின் தோல் கிழிந்திருந்தது. அவன் பொறியைக் கண்ட அதே இடம்!

அடுத்தது மங்கும் விளக்கு. லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. விளக்குக்குப் போவது ஒரு கம்பி. மின்சாரம் திரும்புவது அடிச்சட்டத்தின் வழியே. இதையே ‘எர்த்’ என்பர். கிழிந்த இடத்தைச் செப்பனிட்டுப் பல்புகளை மாட்டியபின், விளக்குக்கூண்டின் உடலிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் தனிக்கம்பி ஒன்றை நேராகப் பிடித்தார். பிரேக்கை மிதிக்கச் செய்தார். மழையிருளில் செவ்வொளி கொழுந்துவிட்டது. கம்பியை எடுத்ததும் மங்கியது. கூண்டின் திருகாணியைக் கழற்றினால் துருவும் பச்சைக் களிம்பும்! 5 வாட் பின்விளக்குக்கு அத்துருவின் இடுக்கு போதும். 21 வாட் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும்போது அது போதாது. ஆகவே இரண்டும் மங்கின. “கரண்ட் போச்சான்னு எல்லாரும் பார்ப்பாங்க தம்பி, திரும்பி வந்துச்சான்னு யாரும் பார்க்கிறதில்லே. பல்பு மேலதான் பழி” என்றபடி உப்புத்தாளால் தேய்த்துத் திருகாணியை முறுக்கினார்.

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வாக்கு. அக்குறளுக்குத் தேர்வில் நாம் நிறைய மதிப்பெண் பெற்றிருந்தோம். ஆனால் அதன்படி நடந்தவர் அந்தப் பட்டறைக்காரரே. கண்ணால் கண்டு சொன்னவனோ எழுத்தறியாச் சிறுவன். கற்றோம் என்ற எண்ணத்தால் அவன் வாயை அடைத்த நாம்தாம், அன்று வண்டியிலிருந்த மூன்றாவது பழுது.

மாமா அவன் தலையில் கை வைத்து, “இனிமே நீ உள்ளேதான் உக்காரணும்” என்றார். நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் கூச்சத்துடன் சிரித்தான்.

இன்று காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் புதிய லாரிகள் தம் நோயில் பலவற்றைத் தாமே கருவிக்குச் சொல்கின்றன. ஆயினும் துரு ஏறிய எர்த் அவற்றையும் குழப்பவே செய்யும். மாணவச் செல்வங்களே, வீட்டிலோ கல்லூரியிலோ சமுதாயத்திலோ ஒரு பழுது நேரும்போது, எளிதில் கழற்றத்தக்க பல்பின்மேல் பழி போடாதீர்கள். அடிக்கடி போகும் பியூசை அடக்கக் கம்பி கட்டாதீர்கள். பின்னால் அமர்ந்திருப்பவன் ஏதோ சொல்ல வருகிறான். முதலில் அவனைக் கேளுங்கள்.