கொழுப்பு போகட்டும், பலம் இருக்கட்டும்

எங்கள் ஊரை ‘வெயிலூர்’ என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். வேலூர்க்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மே மாதம் வெளியே போய் வந்தவர்களுக்கு அது கேலி இல்லை, செய்தி. ஆனால் எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இது பளு தூக்குகிறவர்களின் ஊர். சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அந்தக் காற்றைச் சுவாசித்த தோஷமோ என்னவோ, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு நானும் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது எனக்கு வயது 68.

‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் வெயிட்டு?’ என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. காரணம் சொல்கிறேன். நான்கு வருடம் முன்பு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் பலம் முழுதாகத் திரும்பவில்லை. பகலில் உதவிக்கு ஒரு அம்மா வருகிறார். இரவிலும் விடியற்காலையிலும் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து குளியலறைக்கு மாற்றி உட்கார வைப்பது நான்தான். அவளுடைய எடை 54 கிலோ. தரையிலிருந்து பார்பெல் தூக்கும்போது மாஸ்டர் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்: கால்களை அகட்டி வை, முட்டியை மடக்கு, முதுகை நேராக வை, பளுவை உடம்போடு ஒட்டி எடு. என் பலம் எனக்குக் காட்சிப் பொருள் இல்லை. வீட்டுச் சாமான் மாதிரி, தினமும் வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் போன மார்கழியில் டாக்டர் சொன்னார்: ‘சுகர் ஏறியிருக்கு. வயிறும் ஏறியிருக்கு. 78 கிலோவை 72 ஆக்குங்க.’ அவர் சொன்னது நியாயம். வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. ஆனால் எனக்கு உடனே வந்த கவலை வேறு. ஆறு கிலோ இறங்கும்போது எது இறங்கும், கொழுப்பா, சதையா?

தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து உடற்பயிற்சி இல்லாமல் மெலிந்தால், போகிற எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தசையாக இருக்கலாம் என்கிறார்கள். வாலிபத்தில் போன தசையைத் திரும்பப் பிடித்துவிடலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது கடன் வாங்கி வீடு கட்டுவது மாதிரி, மெதுவாகத்தான் வரும். என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தார். எல்லோரும் பாராட்டினோம். பிறகு பார்த்தால் பூங்கா பெஞ்சில் இருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பேன்ட் தளர்ந்தது, தொடையும் தளர்ந்தது.

விளையாட்டு வீரர்களுக்கு எடை வேறு கணக்கு. பளு தூக்குதலில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடை பார்ப்பார்கள். மீராபாய் சானு டோக்கியோவில் 49 கிலோ பிரிவுக்குள் நின்று 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 2024-இல் பாரிஸில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியை இழந்தார். அவர்களுக்குக் கிராம் முக்கியம். நமக்கு நாற்காலியில் இருந்து எழுவதும் மாடிப்படி ஏறுவதும்தான் போட்டி.

அதனால் நான் வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். பொங்கல் முடிந்ததிலிருந்து பங்குனி கடைசி வரை கொழுப்பைக் குறைக்கிற காலம். வெயில் அவ்வளவு கொளுத்தாது, விருந்தும் குறைவு. அக்னி நட்சத்திரத்தில் எதையும் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. அந்த நாட்களில் தராசு ஒரு கிலோ இறங்கிக் காட்டினால் அது பெரும்பாலும் வியர்வை. ஒரு சொம்பு மோர் குடித்தால் பாதி திரும்பி வந்துவிடும். ஆடிக்காற்று அடித்த பிறகு, பசியும் எழும்பும்போது, மார்கழி வரை பலத்தைக் கூட்டுகிற காலம். தீபாவளிப் பலகாரமும் ஆம்பூர் பிரியாணியும் அந்தக் கணக்கில் வந்துவிடும்!

குறைக்கிற காலத்தில் அவசரம் கூடாது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. வாரம் 300 கிராம் குறைய, நாளுக்கு 330 கலோரி விட்டால் போதும். மதியம் ஒரு கரண்டி சாதம், சாயங்காலம் கைப்பிடி மிக்சர், இரவு ஒரு இட்லி. அவ்வளவுதான் நான் விட்டது.

விடக்கூடாதது புரதம். நம் வயதில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றிலிருந்து 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள் நிபுணர்கள். எனக்கு 78 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பால் தயிரில் 16, ஒரு கிண்ணம் சுண்டலில் 13, இரண்டு வேளைப் பருப்பில் 13, சாதம் இட்லியில் ஒரு 20. மீன் எடுக்கிற நாளில் கணக்கு தாண்டிவிடும். மற்ற நாளில் ஒரு டம்ளர் பால் கூட. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கேட்டாக வேண்டும். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

ஜிம்மில் மாஸ்டர் ஒரு நல்ல வழி சொன்னார். பலத்தைக் கூட்டுவதற்கு ஆகும் உழைப்பைவிட, இருப்பதைக் காப்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு. ‘பிளேட்டைக் குறைக்காதீங்க சார், தடவையைக் குறைங்க’ என்றார். வழக்கமாக வாரம் மூன்று நாள், நான்கு சுற்று. குறைக்கும் காலத்தில் இரண்டு நாள், இரண்டு சுற்று. ஆனால் டெட்லிஃப்ட்டில் அதே 60 கிலோ. தூக்கும்போது மூச்சை அடக்குவதில்லை, எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.

பதின்மூன்று வாரத்தில் 78 கிலோ 74 ஆனது. இடுப்பு 101 செ.மீ. இருந்தது 96. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.6-இல் இருந்து 6.9. அந்த 60 கிலோ அதே ஐந்து தடவை. முக்கியமாக, அதிகாலை நாலரை மணிக்கு அவளைத் தூக்கும்போது என் கை நடுங்கவில்லை.

டாக்டருக்கு இன்னும் இரண்டு கிலோ பாக்கி. ‘இப்பவே முடிச்சிடலாமே’ என்றார். மார்ச் கடைசியில் நான்காவது தடவையே கனமாகத் தெரிந்த ஒரு வாரம் இருந்ததைச் சொன்னேன். என் நோட்டுப்புத்தகத்தையும் காட்டினேன். சற்று யோசித்து, ‘சரி, சுகர் இதே மாதிரி நின்னா அடுத்த தை வரைக்கும் டைம்’ என்றார். என் மனைவியிடம் சொன்னேன். ‘நான் ரெண்டு கிலோ இளைச்சா உங்களுக்கு சுலபம்தானே?’ என்று கேட்டாள். வேண்டாம், அவளுக்கும் அதே சதைதான், அதே கணக்குதான். அவளுக்கும் சுண்டல் ஒரு கிண்ணம் வைக்கிறேன். இடது கையால் எடுத்துச் சாப்பிடுகிறாள்.

உங்களில் யாராவது எடை குறைக்கத் தொடங்குவதாக இருந்தால், தராசு வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். துணைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மாதம் ஒரு தடவை பாருங்கள். எடை குறைந்து இந்த எண்ணும் குறைந்தால், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். எனக்கு இந்த மாதம் 14.