லாரி கேபினில் ஒரு கோடை

அரியலூருக்கு சிமென்ட் ஏற்ற வரும் வெளியூர் ஓட்டுநருக்கு லாரி கேபின்தான் வீடு. படுக்கையும் பாதிச் சமையலும் அங்கேதான். மே மாதத்தில் காலடியில் இன்ஜின் சூடு, தலைக்கு மேல் காயும் தகரம்.

கைவைத்தியம் உண்டு: கழுத்தில் நனைத்த துண்டு, ஈரச்சாக்கு சுற்றிய தண்ணீர் கேன். சாக்கின் ஈரம் ஆவியாகும்போது கேனின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெரம்பலூர் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டி ஓடும்வரை காற்றும் கைகொடுக்கும். ஆலை வாசலில் லோடுக்கு வரிசையில் நின்றால்? ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அவியல்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல சட்டம், தாமதம்தான். (சொகுசு பஸ்ஸுக்கு எப்போதோ வந்த வசதி!)

பழைய லாரிகளுக்கு இது பொருந்தாது. ஆலைக்காரர்களே, வரிசை நிற்கும் இடத்தில் நிழற்கூரையும் குடிநீர்க் குழாயும் போட்டுக் கொடுங்கள்.