வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும்



விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நான் வரைந்த படத்தில் பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நின்றன. "ஐயா, இவை ஒன்றையொன்று பார்த்ததே கிடையாதே" என்றாள் ஒரு சிறுமி. பிள்ளைகள் முன் வெட்கினேன்; அவள் சொன்னதே உண்மை. கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து, நார்வே, ரஷ்யா எனப் பனிக்கரடி வடதுருவத்தைச் சூழ வாழ்வது. பென்குயின்களோ தென்பாதிக்குரியவை, பூமத்தியரேகையை ஒட்டிய கலாபகோஸ் தீவுகளிலும் சில உண்டாம்!

அன்றிரவு படித்த ஒன்று உள்ளத்தைத் தொட்டது. ஜூலையில் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கடற்பனி உருகிவிட, சீல்களைப் பிடிக்க வழியின்றிக் கரடிகள் கரையேறுகின்றன. கடல் மீண்டும் உறையும்வரை பெரும்பாலும் பட்டினிதான். வெப்பம் மிகுந்த இந்நாட்களில் அக்காத்திருப்பு முன்னைவிட நீண்டுவிட்டது. அதே ஜூலையில், அண்டார்க்டிகாவின் குளிர்கால இருளில், பேரரசப் பென்குயின் தகப்பன் ஒற்றை முட்டையைப் பாதங்களின்மேல் ஏந்தி, ஏறத்தாழ 65 நாட்கள் ஒன்றும் உண்ணாமல் அடைகாக்கிறது. ஒன்றின் பசியை மற்றொன்று அறியாது. இரண்டையும் அறிந்தவர் ஒருவர் உண்டு.

மறுநாள் படத்தை இரண்டாக வெட்டினோம். கரடியை வடக்குச் சுவரிலும் பென்குயினைத் தெற்குச் சுவரிலும் ஒட்டினோம். பசை தடவியவள் அச்சிறுமியே.